மூன்று மாதச் சம்பளத்துக்கு ஹோம் தியேட்டர்: வைப்புநிதியை உடைக்கலாமா, தவணையில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு ஷிஃப்ட் வேலை. செய்தியும் ஆட்டமும் ஒளிபரப்பாகும் நேரத்தில் வீட்டில் இருப்பதே அபூர்வம். முன்பு டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்து பார்ப்பேன். ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறிய பிறகு அது சும்மா கிடக்கிறது. 42 அங்குல ஃபுல் ஹெச்டி டிவி, டிஜிட்டல் செட்-டாப் பாக்ஸ், ஹெச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் இணைப்பு) இல்லாத பழைய 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த ஒலிக்கான பெட்டி), அதோடு வந்த ஸ்பீக்கர்கள் இருக்கின்றன; எல்லாம் ஓடுகின்றன. சோபா டிவியிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. கடையில் 4கே டிவி (ஃபுல் ஹெச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளது), அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போலக் கேட்கும் முறை) ரிசீவர்-ஸ்பீக்கர் செட், டிஜிட்டல் ரெக்கார்டர் மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தருகிறார்கள். விலை என் மூன்று மாதக் கைச்சம்பளம். 24 மாதத் தவணை, வட்டி 10 சதவீதம். ரெக்கார்டருக்கு முதல் ஆறு மாதம் சந்தா இல்லை, அப்புறம் மாதச் சம்பளத்தில் 1 சதவீதம் அளவுக்குச் சந்தா. வைப்புநிதியில் நான்கு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் அரை மாதச் சம்பளம் அளவுக்குப் பாக்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். வைப்புநிதியை உடைத்து மொத்தமாக வாங்குவதா, தவணையில் வாங்குவதா? குழந்தைகள் சின்ன வயதில் எடுத்த விஎச்எஸ் கேசட்டுகளும் ஒரு பெட்டி நிறைய உள்ளன. அவற்றையும் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டில் இப்போது இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: பதிவு செய்யும் வசதி. படம் தெரிகிறது, சத்தம் கேட்கிறது. இல்லாத ஒன்றை வாங்கப் போன உங்களிடம், இருக்கிற இரண்டையும் சேர்த்து விற்கப் பார்க்கிறார்கள். பதிவுக்கான செலவைத் தனியாகப் பிரித்துவிட்டால், அதை இந்த மாதச் சம்பளத்திலேயே முடிக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அந்த 10 சதவீதத்தைப் பார்ப்போம். கடையில் சொல்லும் 10 சதவீதம் பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. 100 கடன் வாங்கினால் இரண்டு வருடத்துக்கு 20 வட்டி, மொத்தம் 120; அதை 24 ஆல் வகுத்தால் மாதம் 5. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். ஒரு வருடம் கழித்து அசலில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம் இருக்கும்; வட்டி மட்டும் முழு 100க்கும் ஓடிக்கொண்டிருக்கும். குறையும் நிலுவைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் இது ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. மாதத் தவணை உங்கள் கைச்சம்பளத்தில் 15 சதவீதம். இரண்டு வருடம், ஒரு மாதம்கூட விடாமல்.

அடுத்து 'வட்டியே இல்லாத தவணை' என்று ஆசை காட்டுவார்கள். அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" 6 சதவீதம் குறைப்போம் என்றால், 12 மாதத் தவணையில் அந்தத் தள்ளுபடியை விட்டுக்கொடுப்பது ஆண்டுக்குச் சுமார் 11.5 சதவீத வட்டி கட்டுவதற்குச் சமம். செயல்முறைக் கட்டணம் என்று ஏதாவது பிடித்தால் அது இன்னும் ஏறும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது கார்டு பாக்கி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பாக்கி கரையாது. மாதம் 3 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் கார்டில் எவ்வளவு என்று இந்த மாத ஸ்டேட்மென்டிலேயே இருக்கும், பாருங்கள். எந்த வைப்புநிதியும் அதற்கு ஈடான வட்டி தராது. வைப்புநிதியை உடைக்க ஒரு காரணம் உண்டென்றால் அது இதுதான். ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். முன்கூட்டியே எடுப்பதற்கு வட்டியில் கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை, கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். அதற்கப்புறமும் மூன்று மாதச் செலவுக்கு மேல் கையில் இருக்கும்.

சரி, இனி பதிவு விஷயம். கடைக்காரர் தரும் ரெக்கார்டரின் விலையை விட அதன் சந்தாதான் பெரிய செலவு. ஐந்து வருடம் வைத்திருந்தால் இலவச ஆறு மாதம் போக 54 மாதம் கட்டுவீர்கள். அரை மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விடும். மின்சாரமும் உண்டு: நாள் முழுக்க 20 வாட் இழுக்கிற பெட்டி வருடத்துக்கு 175 யூனிட் எடுக்கும்.

இதைவிட முக்கியமானது பதிவுகள் யாருடையவை என்பது. சேவை நிறுவனங்கள் தரும் ரெக்கார்டர்கள் பலவற்றில் பதிவுகள் பூட்டுப் போட்ட மாதிரி குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படும். அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். சந்தாவை நிறுத்தினாலோ, பெட்டி பழுதாகி மாற்றினாலோ, சேர்த்து வைத்தவை போய்விடக்கூடும். பார்த்தவுடன் அழிக்கிற செய்திக்கும் ஆட்டத்துக்கும் இது பெரிய குறை இல்லை. பல வருடம் வைத்திருக்க நினைப்பவற்றுக்கு இதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் செட்-டாப் பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா? இருந்தால், மெனுவில் பதிவுக்கான பகுதி இருக்கிறதா? பல பாக்ஸ்களில் வெளியே மாட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாலே பதிவு செய்யத் தொடங்கிவிடும். அப்படியானால் உங்கள் செலவு அந்த டிஸ்க் மட்டும்தான். 1 டெராபைட் தாராளம். ஒளிபரப்பு வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி பிடிக்கும், 270 மணி நேரத்துக்கு மேல் பதியலாம். 19 மெகாபிட் வரை போகும் கனமான ஹெச்டி ஒளிபரப்பு என்றாலும் 115 மணி நேரம் கிடைக்கும். தரமும் குறையாது, டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தது வந்தபடியே டிஸ்க்கில் இறங்குகிறது. ஒரு எச்சரிக்கை: பாக்ஸ் பெரும்பாலும் முதலில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யக் கேட்கும்; அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். குடும்பப் படங்கள் வைத்திருக்கும் டிஸ்க்கைத் தப்பித் தவறியும் செருக வேண்டாம்.

போர்ட் இல்லையென்றால் இரண்டு ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) உள்ள, சந்தா கேட்காத தனி ரெக்கார்டரைத் தேடுங்கள். ஒரே ட்யூனர் என்றால் நீங்கள் வேலையில் இருக்கும்போது ஆட்டம் பதிவாகும், ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் வேறு சேனல் பார்க்க முடியாமல் போகலாம். உங்கள் ஷிஃப்ட்டால் வீட்டில் தினமும் ஒரு சண்டை வேண்டாமே.

ஸ்பீக்கரை மாற்றாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஹெச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு 2002ல் வந்தது, 2.1 பதிப்பு 2017ல் வந்தது. இடையில் எத்தனையோ ரிசீவர்கள் பழையதாகிப் போயின. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் ரிசீவரில் ஆப்டிகல் இணைப்பு (ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிளுக்கானது) இருந்தால் அது டால்பி டிஜிட்டல் 5.1 ஒலியைத் தாங்கும், நீங்கள் பதிவு செய்யப்போகும் நிகழ்ச்சிகளுக்கு அது போதும். கேபிளை டிவியிலிருந்து எடுக்காமல் நேராக செட்-டாப் பாக்ஸிலிருந்தே எடுங்கள். ஹெச்டிஎம்ஐ வழியாக உள்ளே வரும் 5.1 ஒலியைப் பல டிவிகள் ஆப்டிகலில் வெறும் ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும். அட்மாஸ் ஆப்டிகலில் வராது என்பது உண்மைதான். அதற்காக மட்டும் இவ்வளவு பணத்தைக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நுரையால் ஆனதாக இருந்து உதிர்ந்தால் அந்த விளிம்பை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

டிவி காத்திருக்கட்டும். உங்கள் 42 அங்குலத் திரையில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் 1.7 மீட்டருக்குள் உட்கார வேண்டும். உங்கள் சோபா 3 மீட்டரில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 55 அங்குலம் வாங்கினாலும் 4கே என்பதால் மட்டும் படம் கூர்மையாகத் தெரியாது. பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த கேசட்டுகளுக்குத்தான் இவை எல்லாவற்றையும் விட அவசரம். விஎச்எஸ் 1976ல் வந்தது. கடைசிவரை விசிஆர் (கேசட்டை ஓட்டும் கருவி) தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016ல் நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிற ஒவ்வொரு விசிஆரும் பழையது. நாடாவும் ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. டிவி எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், இது கிடைக்காது. விசிஆர் கைவசம் இருந்தால் கேசட்டில் இருப்பதைக் கணினிக் கோப்பாக மாற்ற, கணினியில் மாட்டும் ஒரு சிறிய யுஎஸ்பி கேப்ச்சர் கருவி போதும். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓட விட வேண்டும், பொறுமைதான் பெரிய செலவு. இல்லையென்றால் மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள். எப்படியானாலும் இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் பிரதி வையுங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாதம் 15 சதவீதம் தவணை கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள்? அந்தப் பணத்தைப் பாதியாகப் பிரியுங்கள். 7.5 சதவீதம் வைப்புநிதிக்குப் போகட்டும். கார்டுக்காக எடுத்த அரை மாதச் சம்பளம் ஏழு மாதத்தில் திரும்பிவிடும். மற்ற 7.5 சதவீதத்தை டிவிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். 18 மாதத்தில் 1.35 மாதச் சம்பளம் சேர்ந்திருக்கும், வட்டி ஒரு காசு போகாமல். புது மாடல் வந்ததும் முந்தைய வருட மாடலின் விலை இறங்கும், அந்தச் சமயத்தில் போய் ரொக்கமாக வாங்குங்கள். வாங்கும்போது இ-ஆர்க் (டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியை அனுப்பும் வசதி) உள்ள ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; பின்னாளில் ரிசீவரை மாற்றினால் அட்மாஸ் ஒலி குறையில்லாமல் அதன் வழியே போகும்.