கண் ஸ்கேனும் கைக்காசும்: கேள்வி-பதில்

கே: கண்ணின் ரத்த ஓட்டத்தை அளந்து, கூட்டவும் செய்யும் என்று ஆன்லைனில் ஒரு மசாஜர் விற்கிறார்களே, வாங்கலாமா?

ப: அளக்காது. சூடேற்றி அமுக்கும், அவ்வளவுதான். என்னிடமும் ஒன்று இருக்கிறது. பேத்தி அதை மாட்டிக்கொண்டு ரோபோ விளையாடுகிறாள். கண் பிரஷரோ ரெட்டினா கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

கே: எனக்குச் சர்க்கரை நோய். ஊசி இல்லாமல், ஒளியால் கண்ணின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஓசிடி ஆஞ்சியோ எடுத்தேன். இப்போது இன்னொரு ஆஸ்பத்திரியில், கையில் மஞ்சள் மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் கட்டிய பணம் தண்டமா?

ப: இல்லை அம்மா. ஓசிடி ஆஞ்சியோ ஒரே இடத்தை அடுத்தடுத்து ஸ்கேன் செய்து, எது நகர்ந்தது என்று பார்க்கும். நகர்வது ரத்த அணு. அதனால் எந்த நுண்குழாயில் ஓட்டம் நின்றிருக்கிறது என்பது தெரியும். குழாயிலிருந்து கசிவது தெரியாது. அதற்குத்தான் அந்த மஞ்சள் மருந்தான ஃப்ளோரசின் சாயத்தை ஏற்றி எடுக்கும், 1961-இல் வந்த படமுறை இன்னும் ஓய்வு பெறவில்லை. சிலருக்குக் குமட்டும், சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். அலர்ஜி இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். "கசிவு பார்க்கத்தானே?" என்று கேளுங்கள். பழைய படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கே: சொந்தமாகச் சின்ன கண் கிளினிக் நடத்துகிறேன். "ஆஞ்சியோவும் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லி, பழைய ஓசிடி கருவியை ஒருவர் விற்றார். வந்தபின் ஆஞ்சியோவுக்குத் தனி மென்பொருள் லைசென்ஸ் வாங்கணும் என்கிறார்.

ப: எனக்கு ரத்தம் கொதிக்கும் விஷயம் இது. காரை விற்றுவிட்டு ஸ்டீயரிங்குக்குத் தனிக்காசு கேட்கிற கதை. லைசென்ஸ் வாங்கினாலும் ஓடுமா என்பது அடுத்த சந்தேகம். பழைய கருவிகளில் நொடிக்கு 27,000 ஸ்கேன் மட்டுமே எடுப்பவை உண்டு. ஆஞ்சியோவோடு முதலில் சந்தைக்கு வந்தவையே 70,000-ஐ ஒட்டி எடுத்தன. உங்கள் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று விற்றவர் வாதாடுவார். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கே: எங்கே ஆஃபர் இருக்கிறதோ அங்கே ஆஞ்சியோ ஸ்கேன் எடுப்பேன். ரத்தக்குழாய் அடர்த்தி ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒவ்வொரு சதவீதம். யார் ஏமாற்றுகிறார்கள்?

ப: யாரும் இல்லை. கருவிக்குக் கருவி கணக்கு மாறும். ஒரே கருவியில் எடுங்கள், ஆஃபரைத் துணிக்கடையில் தேடுங்கள்.