நீலத் திரையும் பொருந்தாத டிரைவரும்: லேப்டாப் கேள்வி பதில்

மெனு பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்பு புரிவதற்காகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி (சேலம்): சார், செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினேன். ஐ5-6300யு, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மூன்று முறை ஃபார்மேட் பண்ணியும் அப்படியேதான் இருக்கிறது.

பதில்: நான்காவது முறை ஃபார்மேட் செய்தாலும் அப்படியேதான் இருக்கும். ஃபார்மேட் முடிந்து இன்டர்நெட் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட் பொருந்தாத அதே டிரைவரை (லேப்டாப்பின் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) திரும்ப இறக்கிவிடும். எது விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், ஈவன்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். அதில் சிவப்புக் குறியோடு கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைத் திறந்து டீடெய்ல்ஸ் தாவலுக்குப் போனால் பக்செக்கோட் என்று ஒரு எண் தெரியும். நீலத் திரைக் குறிகள் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள். ஆனால் இங்கே அது சாதாரணப் பத்தடிமானத்தில் இருக்கும். இது தெரியாமல் அந்த எண்ணை அப்படியே தேடுபவர்களுக்கு ஒன்றும் சிக்குவதில்லை. 159 என்றால் ஸ்லீப்பில் போகும்போதோ எழும்போதோ ஒரு டிரைவர் பதில் சொல்லவில்லை. 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் நின்றுபோய், விண்டோஸ் தட்டி எழுப்பியும் எழவில்லை. 307 என்றால் ஏதோ ஒரு டிரைவர் பிராசஸரை அளவுக்கு மீறிப் பிடித்து வைத்திருந்தது, பெரும்பாலும் ஸ்டோரேஜ் டிரைவர். 292 என்றால் ஹார்டுவேர் பிழை என்று பிராசஸரே சொல்லிவிட்டது, அதற்கு ஃபார்மேட்டில் மருந்து கிடையாது. 0 என்று இருந்தால் விண்டோஸுக்கு எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அப்போது சூடு, சார்ஜர், பேட்டரி, மதர்போர்டு இவற்றைப் பாருங்கள்.

இனி உங்கள் மாடலுக்கு வருவோம். ஐ5-க்குப் பின்னால் வரும் 6300-இல் முதல் எண்தான் தலைமுறை, அதாவது 6. விண்டோஸ் 11 பட்டியல் இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 7-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள் உண்டு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் கிராஷ் ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. டிபிஎம் என்பது இன்ஸ்டால் செய்யும்போது வாசலில் நடக்கும் சோதனை. உள்ளே வந்த பிறகு கிராஷ் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த மாடலுக்கு விண்டோஸ் 11-இல் சோதித்த டிரைவர் இல்லை என்பதே. அந்த இடத்தை விண்டோஸ் அப்டேட் பொதுவான டிரைவரால் நிரப்புகிறது.

தயாரிப்பாளரின் தளத்தில் லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டு, அந்த மாடலுக்கு வந்த கடைசி பயாஸையும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) விண்டோஸ் 10 டிரைவர்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 டிரைவர்கள் 11-இலும் பெரும்பாலும் ஓடும். பயாஸ் அப்டேட்டை சார்ஜர் செருகி, பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அடுத்து சிப்செட், மேனேஜ்மென்ட் இன்ஜின், ஸ்டோரேஜ், கிராஃபிக்ஸ், கடைசியில் வைஃபையும் ஆடியோவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீஸ்டார்ட். அதற்கு முன் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் 'நோ' கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் போட்டதை அப்டேட் மறுபடி மாற்றக்கூடும். 278 வந்திருந்தால் பழைய கிராஃபிக்ஸ் டிரைவரை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை), இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, முழுதாக நீக்கிய பிறகே புதியதைப் போடவேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, நான் பாவிக்கிற லப்டொப் வேலை செய்யேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. மூடி வச்சிட்டுத் திறந்தால்தான் நீலத் திரை. நீங்கள் சொன்ன 159தான் காட்டுது.

பதில்: அநேகமாக வைஃபை அல்லது லேன் டிரைவர்தான். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்கள் வைஃபை கார்டு, பவர் மேனேஜ்மென்ட் தாவல். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தத் தாவலே இல்லையென்றால் உங்களுடையது ஸ்லீப்பிலும் ஓரளவு விழித்திருக்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பை வகையாக இருக்கும். அதற்கு வைஃபை கார்டின் டிரைவரை மாற்றிப் பார்ப்பதே வழி. அதே இடத்தில் டிரைவர் தாவலில் ரோல் பேக் பட்டன் உயிரோடு இருந்தால், அண்மையில் ஒரு அப்டேட் வந்து மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். தயங்காமல் அழுத்துங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்கருவான கெர்னலும் டிரைவர்களும் முழுதாக இறங்குவதில்லை, பழைய கோளாறு மறுநாளும் தொடரும்.

கேள்வி (கோவை): பயாஸில் ஸ்டோரேஜ் ரெய்டு என்று இருந்தது. வேகம் கூடும் என்று படித்து ஏஎச்சிஐக்கு மாற்றினேன். இப்போது 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்து உள்ளேயே போகவில்லை. டேட்டா போய்விட்டதா?

பதில்: டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெய்டு, ஏஎச்சிஐ இரண்டும் டிஸ்கோடு பேசும் முறைகள்தான். பயாஸில் பழையபடி ரெய்டுக்கே மாற்றுங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். பூட் ஆகும்போது தேவைப்படாத ஸ்டோரேஜ் டிரைவரை விண்டோஸ் முடக்கி வைத்திருக்கும். நீங்கள் கன்ட்ரோலரை மாற்றியதும் டிஸ்கைத் தொட அதற்குக் கை இல்லாமல் போய்விட்டது.

ஏஎச்சிஐதான் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கேட்கக்கூடும். சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட், மினிமல். ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன் நேராகப் பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் எல்லாம் ஏறும் என்பதால் விண்டோஸ் எழும். மறுபடி சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட். இருந்தாலும் வேகத்துக்காக மட்டும் என்றால் இந்த வேலையே வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடைக்காது.

கேள்வி (திருச்சி): 11ஆம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் பென்டிரைவ் போட்டால் எஸ்எஸ்டியே காட்டவில்லை.

பதில்: எஸ்எஸ்டி அநேகமாகக் கெட்டுப்போகவில்லை. எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல்லின் விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு, இன்ஸ்டால் திரையில் லோட் டிரைவர் கொடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கோர் 2 டுயோ லேப்டாப்பில் விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்பு வரை ஓடியது. 24எச்2 போட்டதும் லோகோவிலேயே சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட்.

பதில்: 24எச்2-க்கு பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளை கட்டாயம். கோர் 2 டுயோவில் அது சிலிக்கானிலேயே கிடையாது. ரெஜிஸ்ட்ரி வித்தை எதுவும் உதவாது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லேசான லினக்ஸ் ஒன்றுக்கு மாறுவதே நல்லது.

கேள்வி (மதுரை): அண்ணா, எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறது. எதை நம்புவது? போன மாதம் ராம் கூட்டினேன். 4ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்.

பதில்: தம்பி, விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். தினம் ஒரு எண் வந்தால் முதலில் ராம். புதிய ராமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். பிசி3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட். 'எல்' இல்லாமல் வெறும் பிசி3 என்றால் 1.5 வோல்ட். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், அதுதான் ஏமாற்றம். உங்கள் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35தான் வேண்டும். 1.5 ராம் போட்டால் சிலதில் திரையே வராது, சிலதில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழும். ஸ்டிக்கர் சரியாக இருந்தால் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி 4 சுற்றும் முழுதாக ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் ஆகாது. இரண்டு ராமையும் தனித்தனியாகச் சோதியுங்கள், பழையதும் குற்றவாளியாக இருக்கலாம்.

கேள்வி (திண்டுக்கல்): நீலத் திரையே வருவதில்லை, அப்படியே உறைந்துவிடுகிறது. செலரான் என்2840, 4 ஜிபி. விண்டோஸில் நன்றாக ஓடியது, லினக்ஸ் மின்ட் போட்ட பிறகுதான் இப்படி. ஹார்டுவேர் போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள்.

பதில்: அதே இயந்திரம் வேறு ஓஎஸ்ஸில் ஒழுங்காக ஓடியது என்றால் ஹார்டுவேரை அவ்வளவு எளிதில் குற்றம் சொல்லக்கூடாது. மதர்போர்டு மாற்றச் சம்மதிக்காதீர்கள். உங்களுடையது பே டிரெய்ல் குடும்பத்துப் பிராசஸர். சும்மா இருக்கும்போது அது ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும். லினக்ஸில் அங்கிருந்து எழமுடியாமல் உறைவது இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த நோய். வேலை செய்துகொண்டிருக்கும்போது வராமல், சும்மா விட்டால் வருகிறதா என்று கவனியுங்கள்.

முதலில் தற்காலிகமாகச் சோதிப்போம். பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டி கிரப் மெனு (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பட்டியல்) வந்ததும் 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 (intel_idle.max_cstate=1) என்று சேர்த்து எஃப்10. இரண்டு நாள் அப்படியே பயன்படுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்தால் இந்த மாற்றம் போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறையும் சேர்க்கவேண்டும். உறையவில்லை என்றால் கிரப் கான்ஃபிக் ஃபைலில், கொயட் ஸ்பிளாஷ் என்று மேற்கோள் குறிக்குள் இருக்கும் இடத்தில், அதே மேற்கோளுக்குள் இதையும் சேர்த்து, சுடோ அப்டேட்-கிரப் கட்டளை கொடுங்கள். பிராசஸர் ஆழமாக உறங்காது என்பதால் பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் இறங்கும். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.