அத்தையின் பெயரை முதலில் எழுதுங்கள்

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். தாத்தா பெயரில் 6 ஏக்கர் 30 சென்ட் புஞ்சையும் ஒரு கிணறும் இருந்தன. தாத்தா 1971-லும் பாட்டி 1983-லும் இறந்துபோனார்கள். உயில் கிடையாது. என் அப்பா வேலைக்காக வெளியூரில் இருந்த காலத்தில், யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கொடுத்த பட்டாவில் பெரியப்பா பெயர் மட்டும் ஏறிவிட்டது. இப்போது அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. பெரியப்பா மகன்கள் பட்டாவைக் காட்டி, உங்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை என்கிறார்கள். மூலப்பத்திரம் யாரிடமும் இல்லை. பழைய பட்டாவில் தாத்தாவுக்கு ஒரு பெயர், கல்லறையில் வேறொரு பெயர். கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளையும் நிலப் பதிவேடுகளையும் வைத்து எங்கள் பங்கை நிரூபிப்பது எப்படி? (அத்தை ஒருவர் உண்டு. 1962-லேயே 20 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டதால் வாரிசு மனுவில் அவரைச் சேர்க்கவில்லை.)

பதில்: இவ்வளவு பெரிய கடிதத்தில் அத்தைக்கு நீங்கள் ஒதுக்கிய இடம் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரியப்பா உங்கள் அப்பாவை விட்டுவிட்டுப் பட்டா வாங்கியது அநியாயம் என்கிறீர்கள். அநியாயம்தான். அதே அநியாயத்தை நீங்கள் அத்தைக்குச் செய்துவிட்டு, அதற்கு மனு எண்ணும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். பெரியப்பாவாவது நில அளவைக்காரர் வந்தபோது வயலில் நின்றவர் என்ற முறையில் பெயர் சொல்லியிருப்பார். நீங்கள் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை இல்லாதவராக்கி, உண்மை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் தென்மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு அத்தையோ அக்காளோ அடைப்புக்குறிக்குள் கிடக்கிறார்கள்.

20 பவுனோடு அவர் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசமே அதில் இல்லை. அதே சட்டத்தின் 49-வது பிரிவு இன்னும் தெளிவானது: தகப்பன் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது. கல்யாண நகையும் அதில் அடக்கம். 20 பவுன் போட்டிருந்தாலும் 200 பவுன் போட்டிருந்தாலும் நிலத்தில் ஒரு சென்ட்கூடக் குறையாது.

1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துக்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம். உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாகர்கோவில் பக்கத்து உறவினர்கள் வேறொன்று சொல்வார்கள்: மகனுடைய பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு என்று. அது 1916-ம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டம். 1951-லேயே அது செத்துவிட்டது என்று கேரளக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருநெல்வேலிச் சீமைக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை.

ஆகவே கணக்கு இதுதான். தாத்தா இறந்தபோது பாட்டிக்கு மூன்றில் ஒன்று, மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்பதில் இரண்டு வீதம். பாட்டி இறந்தபோது அவருடைய பங்கும் மூன்றாகப் பிரிந்தது. கடைசியில் ஒவ்வொரு கிளைக்கும் 2 ஏக்கர் 10 சென்ட். அத்தையை எடுத்துவிட்டால் உங்களுக்கு 3 ஏக்கர் 15 சென்ட் வரும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தால், அந்த 1 ஏக்கர் 5 சென்ட் உங்களுடையது அல்ல.

இவ்வளவு காலம் அத்தை கேட்கவில்லையே என்பீர்கள். கூட்டுச் சொத்தை ஒரு பங்காளி உழுதுகொண்டிருந்தார் என்பதால் மட்டும் இன்னொரு பங்காளியின் உரிமை போய்விடாது. உனக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அது அவருக்கும் தெரிந்து 12 வருஷம் ஓடியிருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். பெரியப்பா மகன்களுக்கு எதிராக உங்களைக் காப்பாற்றும் விதி இது. உங்களைக் காப்பாற்றும் அதே விதிதான் அத்தையையும் காப்பாற்றுகிறது.

இனி ஏடுகள். நீங்கள் தேடும் ஆதாரங்களில் மிகப் பலமானது எது தெரியுமா? அத்தையின் 1962-ம் ஆண்டுத் திருமணப் பதிவு. 1872-ம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் மணமக்களின் பெயர், வயது, தொழில், இருப்பிடம் ஆகியவற்றோடு இருவருடைய தகப்பன் பெயரும் எழுதப்பட வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தாத்தா உயிரோடு இருந்தபோது, அவர் ஊர்ச் சபையார் முன்னிலையில், அவருடைய சபைப் பெயர் எழுதப்பட்ட பக்கம் அது. அத்தையை ஒதுக்கினால் இந்தப் பக்கத்தையும் நீங்கள் வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் முதல் கேள்வியே, இந்த மகள் ஏன் மனுவில் இல்லை என்பதுதான்.

பட்டாப் பெயரும் கல்லறைப் பெயரும் வேறாக இருப்பது உங்கள் பகுதியில் சாதாரணம். சுடலைமுத்து யாக்கோபு ஆனார், இசக்கியம்மாள் எஸ்தராள் ஆனார். ஆனால் கர்ணம் எழுதிய கிராம நிலக் கணக்கில் பழைய பெயரே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் இணைப்பது பெரியவர்களின் ஞானஸ்நானப் பதிவு. வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவரின் பதிவில் முந்தைய பெயரையும் குறித்துவைத்த ஏடுகள் உண்டு. தாத்தா குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அவருடைய அப்பாவின் பதிவைத் தேடுங்கள். குடும்பமாகச் சேர்ந்தவர்கள் ஒரே நாளில் வரிசையாகப் பதிவாகியிருப்பார்கள். ஒருவர் கிடைத்தால் மேலும் கீழும் உள்ள வரிகளைப் பார்க்காமல் ஏட்டை மூடாதீர்கள்.

எந்தக் கோயிலில் தேடுவது என்பதில்தான் பலர் வழிதவறுகிறார்கள். உங்கள் ஊர் இன்று தனிச் சேகரமாக, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரமாக இருக்கலாம். தாத்தா காலத்தில் அது வேறொரு தாய்ச் சேகரத்தின் கிளைச் சபையாக இருந்திருந்தால் ஏடு அங்கேதான் இருக்கும். 2003-ல், பேராயரின் ஆளுகையில் உள்ள திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் பிரிந்தது என்பதற்காகத் திருமண்டல அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். முதலில் சேகர குருவானவரிடம் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஏடு பிறந்த தேதிப்படி ஓடாது, ஞானஸ்நானத் தேதிப்படிதான் ஓடும். குழந்தை பிறந்து பல மாதம் கழித்தும் பதிவு இருக்கலாம். பழைய ஏடு ஆங்கிலத்தில் இருந்தால் ஞானமுத்து 'ஜி'யிலும் இருப்பார், 'என்'னிலும் இருப்பார். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஏட்டின் ஆண்டு, பக்க எண், வரிசை எண் மூன்றும் குறித்து, குருவானவரின் கையெழுத்தும் முத்திரையும் இட்ட சான்று நகல் வேண்டும். எழுத்துப்பிழை இருக்கிறதே, திருத்திக் கொடுங்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். பிழையோடு இருக்கும் பழைய மையைக் கோர்ட் நம்பும். மேலே எழுதிய புது மையை நம்பாது.

அடக்கப் பதிவில் ஒரு கவனம். அங்கே இருப்பது அடக்க நாள். இறந்தது முந்திய நாளாக இருக்கலாம். மனுவில் ஒரு தேதி, கல்லறையில் ஒரு தேதி, ஏட்டில் ஒரு தேதி என்றால் அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகவே கோப்பு திரும்பி வரும். எது இறந்த நாள், எது அடக்க நாள் என்று மனுவிலேயே பிரித்து எழுதுங்கள். அடக்கச் சான்று அரசின் இறப்புச் சான்று ஆகாது. 1971 இறப்பு பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடி, இல்லை என்ற சான்றை வாங்கி, அதோடு அடக்கச் சான்றை இணைத்துக் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நிலத்தை இன்றிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். கிராமத்தின் நிலக் கணக்கான இப்போதைய 'அ' பதிவேட்டில் உங்கள் புல எண்ணையும், அதற்கு நேரே பழைய புல எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். யு.டி.ஆர். வேலை 1979 முதல் 1987 வரை நடந்தது. அதற்கு முந்திய எஸ்.எல்.ஆர். என்னும் நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலில் தாத்தா பெயரோ அவர் அப்பா பெயரோ இருந்தால், பெரியப்பா பெயர் எந்தப் பத்திரமும் இல்லாமல் இடையில் ஏறியது என்பது தெரிந்துவிடும். தாலுகாவில் இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். தூத்துக்குடி மாவட்டமே 1986-ல்தான் பிரிந்தது. பழைய ஏட்டைத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகக் காப்பறையிலும் கேட்க வேண்டியிருக்கும்.

வில்லங்கச் சான்றைப் புது எண்ணுக்கு மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய எண்ணுக்கும் போடுங்கள். இணையத்தில் பொதுவாக 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால் தேட வேண்டும். கட்டணம் தேடும் ஆண்டுகளைப் பொறுத்தது. அதனால்தான் கோயில் ஏட்டை முதலில் பார்க்கச் சொல்கிறேன்: தாத்தா எப்போது பிறந்தார், அவர் அப்பா எப்போது இறந்தார் என்று தெரிந்தால் எந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தைத் தேடுவது என்பது தெரியும். நிலப் பத்திரங்களைப் பதியும் 1-ம் புத்தகத்தின் பெயர் அட்டவணையில் இரண்டு பெயர்களையும் தேடுங்கள். ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தில் சேர்ந்திருந்ததா என்றும் கேளுங்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தை அந்தக் காலத்தில் பதியாமலே நிலத்தை ஒப்படைத்து முடித்திருக்கலாம். அப்படியானால் பத்திரம் கிடைக்காது, எஸ்.எல்.ஆர். பதிவும் தீர்வை ரசீதுகளும்தான் பேச வேண்டும். பழைய பத்திரத்தில் அளவு கோட்டை, மரக்கால் விதைப்பாட்டில் (எவ்வளவு விதை பிடிக்கும் என்ற கணக்கில்) இருந்தால் அதை ஏக்கராக்கிச் சண்டை போடாதீர்கள். நான்கெல்லையைப் புலப்படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

அந்த நிலம் தாத்தா வாங்கியதா, அவருக்கு வந்ததா என்பதையும் பாருங்கள். வந்தது என்றால் அவருக்கும் அக்காள் தங்கைகள் இருந்திருப்பார்கள். அவர்களையும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட முடியாது.

பட்டா உரிமைப் பத்திரம் அல்ல. பெரியப்பா மகன்கள் அதை வைத்து உங்களைப் பயமுறுத்த முடியாது. யு.டி.ஆர். தவறைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகலாம். அவர்கள் உரிமையையே மறுத்தால் சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குதான். அந்த வழக்கில் அத்தை கட்சிக்காரராக இல்லாவிட்டால், தேவையான கட்சிக்காரரைச் சேர்க்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பதில் மனுவிலேயே எழுதுவார்.

ஆகவே இந்த வாரமே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் அந்த வாரிசு மனுவைத் திரும்பப் பெறுங்கள். பிறகு அத்தை வீட்டுக்குப் போங்கள். எண்பதைத் தாண்டியவர். தாத்தாவின் பழைய பெயரும், கிணற்றுக்கு மேற்கே யார் புஞ்சை என்பதும் நேரில் தெரிந்த ஒரே ஆள் இன்று அவர்தான். இத்தனை நாள் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் பழைய பட்டாவைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 'உங்களுக்கும் 2 ஏக்கர் 10 சென்ட் உண்டு' என்று அவரிடம் அளவோடு சொல்லுங்கள். நீங்கள் அவர் பெயரை விட்டதையும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். எனக்கு வேண்டாம் என்று அவர் வாயால் சொன்னால் அது செல்லாது. விட்டுக்கொடுப்பதானால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அதையும் அவர் பிள்ளைகள் அறிய, அன்றைய நிலமதிப்பை அவருக்குச் சொன்னபிறகே எழுத வேண்டும். அவர் பங்கு கேட்டால் முகம் சுளிக்காமல் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூன்றாவது பாகத்தை எழுதுங்கள். கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை, பம்புசெட் மின் இணைப்பு யார் பெயரில், கடைசிப் புஞ்சைக்கு வண்டிப்பாதை எந்த வரப்பை ஒட்டி, எத்தனை அடி அகலம் என்பவற்றையும் அதே பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.