கேவொர்க்கரைக் கொன்றால் சாகாது

கேள்வி: "என் லினக்ஸ் லேப்டாப்பில் கேவொர்க்கர் என்ற பெயரில் ஐம்பது அறுபது புராசஸ் தெரிகின்றன. வைரஸா? எல்லாவற்றையும் கொன்றுவிடலாமா?"

பெரும்பாலும் வைரஸ் இல்லை. கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, தன் பின்னணி வேலைகளுக்கு வைத்திருக்கும் ஆட்கள்தான் இவை. கிரிப்டோ மைனர்கள் இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு ஒளிவதுண்டு என்பதால் ஒருமுறை பெற்றோர் எண்ணை (பிபிஐடி, அதைப் பெற்றெடுத்த புராசஸின் எண்) மட்டும் பார்த்துவிடுங்கள். அது 2 என்றால் கெர்னலின் சொந்தப் பிள்ளை. கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கட்டளை கொடுத்தாலும் காதில் வாங்காது.

ஏன் இத்தனை என்றால், முன்பு இதைவிட அதிகம். காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்று, வளவு ஒன்று. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதிக்கும்) தனி அடுப்பு, தனிச் சாமான். அந்தப் புள்ளி பிழைப்புக்கு வெளியூர் போனாலும் அவர்கள் அடுப்படியை வேறு யாரும் தொடமாட்டார்கள், பூட்டியே கிடக்கும்.

லினக்ஸ் கெர்னலும் 2010 வரை இப்படித்தான் குடித்தனம் நடத்தியது. பின்னணி வேலை இருக்கிற டிரைவர், கோப்பமைப்பு எல்லாம் தனித்தனி வொர்க்க்யூ (வேலை வரிசை) வைத்துக்கொள்ளும். அவற்றில் பலவற்றுக்குச் சிபியு ஒன்றுக்கு ஒரு த்ரெட், அதாவது வேலையைச் செய்யும் ஆள். 30 வொர்க்க்யூ, 64 சிபியு என்றால் 1,920 த்ரெட், முக்கால்வாசி தூக்கத்தில். சில பெரிய மெஷின்களில் பூட் ஆவதற்குள்ளேயே 32,768 புராசஸ் எண்களும் தீர்ந்துபோயின. இத்தனை இருந்தும் பயன் குறைவு. ஒரு வேலை டிஸ்க்குக்காகக் காத்து நின்றால், அதே வரிசையில் பின்னால் இருப்பதும் காத்து நிற்கும். பக்கத்து வொர்க்க்யூவின் த்ரெட் சும்மா இருந்தாலும் கைகொடுக்காது.

2.6.36 பதிப்பில் கெர்னல் டெவலப்பர் டேஜுன் ஹியோ இதை மாற்றி எழுதினார். இப்போது கல்யாண வீட்டுப் பந்திச் சமையல் மாதிரி, ஆட்கள் எல்லாருக்கும் பொது. (இங்கே அடுப்பைச் சிபியு என்று வைத்துக்கொள்ளுங்கள், உவமை கொஞ்சம் இடம் மாறுகிறது.) ஒரு அடுப்பில் ஒருவர் கரண்டி பிடித்திருக்கும்வரை இன்னொருவரை அங்கே அனுப்புவதில்லை. அவர் தேங்காய் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டால், அந்த நொடியே அடுத்தவர் எழுப்பப்படுவார். உட்கார்ந்ததைப் பார்த்துச் சொல்வது ஷெட்யூலர், எந்த த்ரெட் எப்போது ஓடுவது என்று முடிவுசெய்யும் கெர்னல் பகுதி. ஆள் போதவில்லை என்றால் புது த்ரெட் பிறக்கும். தேவைக்கு மேல் சும்மா இருப்பவை சுமார் 5 நிமிடம் கழித்துக் கலைக்கப்படும். நீங்கள் பார்க்கும் எண்ணிக்கை ஏறி இறங்குவது அதனால்தான். மெமரி தீர்ந்து புது த்ரெட் பிறக்க வழியில்லாத நேரத்துக்கென்று முக்கியமான வொர்க்க்யூக்களுக்கு முன்கூட்டியே ஒரு ஆள் ஒதுக்கப்பட்டிருக்கும். எனக்கு இந்த டிசைனில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

பெயரைப் படிப்பது எளிது. கேவொர்க்கர்/3:1 என்றால் 3ஆம் சிபியுவுடையது. எண்ணுக்குப் பின்னால் 'எச்' இருந்தால் அவசர வேலைக்காரர். எண்ணுக்கு முன்னால் 'யு' இருந்தால் ஒரே சிபியுவில் கட்டிப்போடாதது.

ஆக, எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே ஒரு கேவொர்க்கர் ஒரு சிபியுவை 100 சதவீதம் தின்றால்தான் விசாரிக்க வேண்டும், அப்போதும் வேலை கொடுத்தவர் யார் என்று. என் பழைய லேப்டாப்பில் அப்படி ஆனது. ஃபேன் சத்தத்தில் வீட்டில் பேச்சே கேட்காது. 2018க்குப் பிந்தைய கெர்னல்களில் டாப் கட்டளை அந்தப் பெயரோடு கூட்டல் குறி போட்டு, இப்போது யாருடைய வேலை ஓடுகிறது என்று காட்டும். எனக்குக் 'கேஏசிபிஐடி' என்று வந்தது. அது ஏசிபிஐ, அதாவது பேட்டரி, மூடி, பவர் பட்டன் போன்றவற்றைக் கவனிக்கும் பகுதியின் வொர்க்க்யூ. ஏசிபிஐ இன்டரப்ட் கணக்கைத் திறந்தால் ஒரே ஒரு ஜிபிஇ (ஹார்டுவேர் அடிக்கும் அழைப்பு மணி) லட்சக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது. அதை டிசேபிள் செய்தேன், ஃபேன் அடங்கியது. ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் கிரானில் (வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) ஒரு வரி போட்டு வைத்திருக்கிறேன்.

உங்களுக்குக் கூட்டல் குறிக்குப் பின்னால் என்ன பெயர் வருகிறது? அதைக் கேள்வியில் சேருங்கள்.