கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஊரில் மாடு வளர்க்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: "கொழும்பில் கடை வேலை, கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. நுவரெலியாப் பக்கம் ஊருக்குப் போய் இரண்டு மாடு வாங்கி, கொஞ்சம் மரக்கறியும் போட்டால் பிழைக்கலாமா?"

பிழைக்கலாம். ஆனால் எத்தனை லீற்றர் கறக்கும் என்று கேட்பதற்கு முன்னால் புல் எங்கே இருக்கிறது, அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மாடு வளர்ப்பில் லாபமா நட்டமா என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

நீங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். கடை வேலை, ஊர் நுவரெலியாப் பக்கம் என்றால் அநேகமாக அப்படித்தான் இருக்கும். காணி உறுதி உள்ள வீட்டுப் பிள்ளை என்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

எங்களுக்குக் கந்தப்பளைப் பக்கம். அம்மா காலத்திலிருந்தே வீட்டில் மாடு. விடிவதற்கு முன்னால் எழுந்து கறந்து, கேனைக் கொடுத்தனுப்பிவிட்டு, பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய்ப் பேர் கொடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது தலையில் ஒரு புல்லுக்கட்டோடுதான் அம்மா வீட்டுக்கு வருவார். எங்களைப் படிக்க வைத்தது அந்தப் பால்தான், அதை நான் யாரிடமும் பெருமையாகவே சொல்வேன். "தோட்டத்து ஆட்களுக்குக் கொழுந்து பறிக்கத்தான் தெரியும், விவசாயம் தெரியாது" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் கானோரத்து, அதாவது வடிகால் ஓரத்துப் புல்லை வெட்டியே மாடு வளர்த்து, கன்று எடுத்து, பால் ஊற்றிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு விவசாயம் தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

சரி, கணக்கு. 400 கிலோ உள்ள ஒரு கலப்பின மாட்டுக்கு ஒரு நாளைக்கு 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். கறவையில் இருக்கும்போது அதற்கு மேல் புண்ணாக்கு, தவிடு எல்லாம். கன்று போட்ட புதிதில் நன்றாகக் கறக்கும், அப்புறம் மாதத்துக்கு மாதம் இறங்கும், அடுத்த கன்றுக்கு முன்னால் இரண்டு மாதம் கறவையே இருக்கக்கூடாது, ஆனால் தீனி மட்டும் நிற்காது. ஆகவே நன்றாகக் கறக்கும் ஒரு நாளின் லீற்றரை முப்பதால் பெருக்கி "மாத வருமானம்" என்று காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். பால் எடுக்கும் இடத்தில் விலை போடுவதும் லீற்றரை மட்டும் பார்த்தல்ல, கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் (கொழுப்பும் தண்ணீரும் போக மிஞ்சும் சத்தையும்) பார்த்துத்தான் போடுவார்கள். மாட்டு இனங்களில் பிரீசியன் நிறையக் கறக்கும், ஜெர்சிப் பாலில் கொழுப்பு அதிகம். எங்கள் வீட்டில் பால் காசில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறது. மிஞ்சுவது என்று நாங்கள் சொல்வது உண்மையில் புல் வெட்டியவரின் கூலி, வெட்டுவது அம்மாவோ மனைவியோ என்பதால் அதை யாரும் செலவில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதிப் பாருங்கள்.

இனிப் புல். தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுவதற்கு முன் மண் தேறட்டும் என்று குவாட்டமாலா புல்லோ மானாப் புல்லோ போட்டு, ஒன்றரை வருடம் இரண்டு வருடம் விடுவார்கள். மாட்டுக்காரர் கண்ணுக்கு அது நல்ல தீனி. ஆனால் அதை வெட்டி அங்கேயே மண்ணில் பரப்பத்தான் நடுகிறார்கள், நாம் கட்டிக்கொண்டு வந்தால் தோட்டத்தில் பிரச்சினை வரும். நிர்வாகத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அவர்கள் மண்ணுக்கு அந்தப் புல் தேவைதான். நம் மாட்டுக்கு என்று ஒரு துண்டு நிலம் நமக்கு இல்லை என்பதுதான் என் ஆத்திரம். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது, அப்புறம் 53 வருடக் குத்தகை. இத்தனை கைமாற்றத்திலும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குக் காணி வரவில்லை. வீட்டுத் திட்டத்தில் கிடைத்தது 7 பேர்ச். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச். எங்கள் குளிருக்கு இரண்டு மாட்டுக்குப் புல் வளர்க்க அரை ஏக்கராவது வேண்டும் என்பது என் அனுபவம். 7 பேர்ச்சில் வீட்டைக் கட்டிவிட்டு, கொட்டிலை எங்கே போடுவது, புல்லை எங்கே நடுவது?

நிலம் இல்லையென்றால் மற்ற எதுவும் வராது. நாங்கள் விவசாயியாகப் பதியப் போனபோது காணிக் கடதாசி கேட்டார்கள். கடன் கேட்டுப் போன இடத்தில் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக்கு ஏது தனி முகவரி? கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். என் தம்பிக்கு அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்து, அங்கேயே கிடந்து, தேதி முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. நன்றாகப் படித்த பிள்ளை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். ஆனாலும் யார் ஊருக்குத் திரும்பி வருவதாகச் சொன்னாலும் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது.

மரக்கறியோடு சேர்த்துச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சேர்த்தே செய்யுங்கள். ஒரு மாடு ஒரு நாளைக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும், லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் எருவைத் தேடி வந்து வாங்குவார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அப்போது எருவுக்கு அடிபிடி. எரு விற்ற எங்களுக்கு அந்த வருடம் கொஞ்சம் காசு வந்தது உண்மை. ஆனால் கிழங்கும் கோவாவும் (முட்டைக்கோஸ்) எருவில் மட்டும் பழைய விளைச்சல் தரவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பாதிப்பு முடிந்துவிட்டது. 1,500 ரூபாவுக்கு எடுத்த யூரியா மூட்டை அடுத்த வருடம் வெளிச் சந்தையில் 30,000 ரூபாவையும் தாண்டியது. தேயிலையிலும் அடி: நாட்டின் உற்பத்தி 2021இல் 299 மில்லியன் கிலோ, 2022இல் 251 மில்லியன். நான் இயற்கை விவசாயத்துக்கு எதிரி இல்லை, எருவைப் பொன்னாக நினைக்கிற வீடு எங்களுடையது. மண்ணைப் பழக்க வருடக்கணக்கு வேண்டும், அதை ஒரு வர்த்தமானியில், ஒரே ஒரு அரசு அறிவித்தலில் செய்யப் பார்த்ததைத்தான் தப்பு என்கிறேன்.

அதே காலத்தில் பால்மா விலை ஏறியது, 400 கிராம் பக்கற் 2022 மார்ச்சில் 790 ரூபாவுக்குப் போனது. மாட்டுக்காரருக்கு நல்ல காலம் என்று பலர் நினைத்தார்கள். தீனிக்குப் போகும் சோளமும் சோயாவும் டொலரில் வருகிறவை, அதனால் தீனி விலையும் கூடவே ஏறி, பாலில் கூடியதைக் கொண்டுபோய்விட்டது. கிழங்கும் இப்படித்தான். நம் அறுவடை நேரத்தில் பாகிஸ்தான், இந்தியக் கிழங்குக்கு இறக்குமதி வரி எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் நமக்கு விலை, அந்த வரி எப்போது மாறும் என்று நடும்போது தெரியாது. அதனால் எல்லா நிலத்திலும் கிழங்கையே போடாதீர்கள்.

"எங்கள் மாமா மாடு வளர்த்தே லொறி வாங்கினார்" என்று யாராவது கீழே எழுதலாம். வாங்கியிருப்பார், சந்தோஷம். மாமாவிடம் எவ்வளவு காணி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: வேலையை உடனே விடாதீர்கள். முதலில் யாரிடமாவது கால் ஏக்கராவது குத்தகைக்கு, எழுத்தில், சில வருடங்களுக்கு எடுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையில் நீங்கள் எருப் போட்டு மண்ணைத் தேற்றிய பிறகு திருப்பிக் கேட்பார்கள். புல்லை நட்டு அது வெட்டுக்கு வந்த பிறகு ஒரு மாடு வாங்குங்கள், இரண்டாம் கன்று போட்டது நல்லது. வாங்கும்போது காலைக் கறவையை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். சிலர் முதல் நாள் மாலை கறக்காமல் விட்டுக் காலையில் வாளி நிறையக் காட்டுவார்கள். முதல் நாள் மாலையே போய் நின்று அந்தக் கறவையையும் பாருங்கள்.