வாசகர் கேள்வி-பதில்: ரேட்டிங் 9 யாருக்கு, பள்ளிக்கா பெற்றோருக்கா?

கேள்வி: மகன் கலிஃபோர்னியாவில் வீடு பார்க்கிறான். ஒரு தெரு தள்ளினால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மாறிவிடுகிறது. ஒரு பக்கத்துப் பள்ளிக்கு இணையத்தில் ரேட்டிங் பத்துக்கு 9, மறுபக்கம் 5. அந்த 9-க்காக விலை கூட்டிக் கொடுக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட வேண்டாம் ஐயா. இப்படிப்பட்ட ரேட்டிங்கில் பெரிய பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண்ணுக்குத்தான். ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் (ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சராசரி மதிப்பெண்ணும் அங்குள்ள பெற்றோரின் வருமானமும் படிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் அந்தத் தொடர்பு வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் குழுவினர் நாடு முழுவதுமான தேர்வுத் தரவில் கண்டது இதைத்தான். 5 வாங்கிய பள்ளி நன்றாகக் கற்பிக்கும் பள்ளியாக இருக்கலாம்; 9 வாங்கியது, வீட்டிலேயே படித்துவிட்டு வரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்.

மகன் பார்க்க வேண்டியது மாநில அரசின் ஸ்கூல் டாஷ்போர்டு, அதாவது பள்ளிகளின் நிலையை நிறத்தால் காட்டும் இணையதளம். மிக மோசமான சிவப்பில் தொடங்கி மிகச் சிறந்த நீலம் வரை ஐந்து நிறங்கள். நிறத்தோடு நிற்காமல், மாணவர் பிரிவுகளுக்குள் போகச் சொல்லுங்கள். 'பொருளாதாரத்தில் பின்தங்கியோர்' பிரிவை இரண்டு பள்ளிகளிலும் ஒப்பிட்டால் வருமானத்தின் பங்கு ஓரளவு கழிந்துவிடும். 30 பேருக்குக் குறைந்த பிரிவுக்கு நிறம் வராது, 11 பேருக்குக் குறைந்தால் எண்ணே வராது. அடுத்ததாக, மாநிலத் தேர்வு முடிவுப் பக்கத்தில் ஓர் ஆண்டின் 3-ம் வகுப்பையும் அடுத்த ஆண்டின் 4-ம் வகுப்பையும் பார்க்கட்டும். இந்த ஆண்டு 3-ம் வகுப்பைப் போன ஆண்டு 3-ம் வகுப்போடு ஒப்பிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவர்கள் வேறு பிள்ளைகள்.

கேள்வி: நாங்கள் கட்டும் சொத்து வரி பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதைப் போல நான்கு மடங்கு. எங்கள் பள்ளிக்கு அதிகப் பணம் வர வேண்டாமா?
- வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: வராது அம்மா. வரி வித்தியாசத்துக்குக் காரணம், 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய '13-வது பிரேரணை' என்னும் சட்டம்: வரி, வாங்கிய விலையில் 1 சதவீதம், அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் புது மதிப்பு. பள்ளிப் பணம் வேறு கணக்கு. பள்ளிச் செலவில் இருந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்த 'செரானோ' வழக்கில் 1971-ல் மாநில உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய எண்கள் இவை: 1968-69-ல் ஒரு மாணவருக்கு பெவர்லி ஹில்ஸ் செலவிட்டது 1,232 டாலர், பால்ட்வின் பார்க் 577. அதன் பிறகு உள்ளூர் வரிக்கும் பள்ளிச் செலவுக்கும் இருந்த முடிச்சு தளர்ந்தது. 2013-14 முதல் உள்ள சூத்திரப்படி ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் சேர வேண்டிய தொகையை முதலில் கணக்கிடுகிறார்கள். அதில் சொத்து வரியைக் கழித்து, மீதியை மாநிலம் தருகிறது. உங்கள் வரி கூடினால் மாநிலத்தின் பங்கு குறையும், அவ்வளவே.

விதிவிலக்கு, பாலோ ஆல்டோ போன்ற 'பேசிக் எய்ட்' டிஸ்ட்ரிக்ட்டுகள். அங்கே சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடுகிறது, மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். நியாயமா என்றால், இந்தச் சூத்திரத்தில் விட்டுவைத்த பெரிய ஓட்டை இது என்பதே நம் கருத்து.

கேள்வி: மதிய உணவு எல்லாருக்கும் இலவசம்தானே? பிறகு எதற்கு வருமானப் படிவம் கேட்டுத் தொல்லை செய்கிறார்கள்?
- வாசகர், ஸ்டாக்டன்

பதில்: படிவம் சோற்றுக்கு அல்ல, பள்ளியின் பணத்துக்கு. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளை ஆகியோரை எண்ணி, அந்த விகிதப்படி கூடுதல் நிதி வருகிறது. ஒரே பிள்ளை மூன்றிலும் வந்தாலும் ஒருமுறைதான் எண்ணுவார்கள்.

கணக்குக்காக அடிப்படைத் தொகையை ஆளுக்கு 10,000 டாலர் என்றும், மாணவர் 1,000 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். அடிப்படை 1 கோடி டாலர். அவர்களில் 80 சதவீதம் பேர் இந்தப் பட்டியலில் என்றால், எல்லா டிஸ்ட்ரிக்ட்டுக்கும் உள்ள துணை நிதி, அடிப்படையின் 20 சதவீதத்தில் 80 சதவீதம், அதாவது 16 லட்சம். இந்தப் பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் கிடைப்பது செறிவு நிதி; தாண்டிய 25 சதவீதத்துக்கு அது 65 சதவீத வீதத்தில் 16.25 லட்சம். மொத்தம் 1 கோடியே 32.25 லட்சம். பட்டியலில் 20 சதவீதம் பேரே உள்ள டிஸ்ட்ரிக்ட்டுக்கு 4 லட்சம் மட்டும் கூடும். செறிவு வீதம் முதலில் 50 ஆக இருந்தது; 2021-22-ல் 65 ஆனது. கூட்டிய 15-ஐ, இந்தப் பிள்ளைகள் 55 சதவீதத்துக்கு மேலுள்ள பள்ளிகளில் மாணவரோடு நேரடியாக வேலை செய்யும் ஆட்களுக்குத்தான் செலவிட வேண்டும்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருவோம். இந்த 80 சதவீத டிஸ்ட்ரிக்ட்டில், தகுதியுள்ள ஒரு பிள்ளை எண்ணிக்கையில் விடுபட்டால் நஷ்டம் 2,000 + 6,500 = 8,500 டாலர். விகிதம் மூன்றாண்டுக் கூட்டுக் கணக்கு என்பதால் அது மூன்று ஆண்டுகளில் பரவும். எண்ணும் நாள் அக்டோபர் முதல் புதன்கிழமை. பள்ளி திறந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கால்ஃப்ரெஷ் என்னும் அரசு உணவு உதவி வாங்கும் குடும்பங்களை மாநிலமே தன் பதிவில் பொருத்திக்கொள்ளும். குடியேற்ற நிலையைப் படிவம் கேட்பதில்லை.

கேள்வி: டிசம்பர் விடுமுறையோடு சேர்த்து இரண்டு வாரம் கூடுதலாக ஊருக்குப் போகிறோம். லீவு லெட்டர் கொடுத்தால் போதுமா?
- வாசகி, சான் ரமோன்

பதில்: போதாது. கலிஃபோர்னியா பணம் தருவது பதிவேட்டில் உள்ள பெயருக்கு அல்ல, சராசரி தினசரி வருகைக்கு. காய்ச்சலுக்கு லெட்டர் கொடுத்தாலும் அன்றைய வருகை கணக்கில் வராது. 180 நாளில் 18 நாள் வராவிட்டால் 'நாள்பட்ட வருகையின்மை' என்று டாஷ்போர்டிலும் பதிவாகும். உங்கள் இரண்டு வாரம் 10 பள்ளி நாள். மிச்சம் சளி, காய்ச்சலுக்கு 8-ஐ எட்டிவிட்டால் தீர்ந்தது.

புறப்படுமுன் பள்ளி அலுவலகத்தில் 'இண்டிபெண்டென்ட் ஸ்டடி' (பள்ளிக்கு வராமல் பாடவேலை செய்யும் ஏற்பாடு) ஒப்பந்தம் கேளுங்கள். நீங்களும் ஆசிரியரும் கையெழுத்திட வேண்டும். பிள்ளை பாடவேலையை முடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்த நாட்கள் வருகையாகும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். சில டிஸ்ட்ரிக்ட்டுகளில் நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிடுவார்கள். திரும்பும்போது அதே பள்ளியில் இடம் இல்லாமல் போகலாம். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாநில லாட்டரிப் பணமே பள்ளிகளை நடத்துகிறது என்கிறார்களே?
- வாசகர், சேலம்

பதில்: பள்ளி வருமானத்தில் அது சுமார் 1 சதவீதம். சாக்பீஸ் செலவுக்குச் சரியாக இருக்கும்.