இனிப்பில் சேர்க்கும் வாசனை மூச்சில் சேரலாமா?

கேள்வி: எனது மகனுக்கு 18 வயது, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் கொடுத்த வேப் (மின்சிகரெட்) கருவியைச் சில மாதங்களாகப் பாவித்து வருவது அண்மையில்தான் எனக்குத் தெரியவந்தது. கேட்டால், "புகையிலை இல்லை அம்மா, இனிப்புக்குப் போடுகிற வாசனைதான், வெறும் நீராவி" என்கிறார். மூன்று வாரமாக வறட்டு இருமல் இருக்கிறது. இது நுரையீரலைப் பாதிக்குமா? (ஒரு தாய், கொக்குவில்)

பதில்: அன்புள்ள அம்மா, அந்தத் திரவத்தில் கலக்கப்படும் வாசனைப் பொருட்களில் பல, கேக்கிலும் இனிப்பிலும் சேர்க்க அனுமதிக்கப்பட்டவை என்பது உண்மைதான். ஆனால் அந்த அனுமதி வயிற்றை மனதில் வைத்துக் கொடுக்கப்பட்டது. உண்ணும் பொருள் இரைப்பையையும் குடலையும் கடந்து, ஈரலில் மாற்றமடைந்த பின்னரே உடலெங்கும் செல்கிறது; நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளிலோ, காற்றையும் இரத்தத்தையும் பிரித்து நிற்பது மிக மெல்லிய ஒரு சுவர் மட்டுமே.

அது நீராவியும் அன்று. புரோப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் கலந்த திரவம் சூடேறி, நுண்துளிகளாக உள்ளே போகிறது. தாச்சியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் கண் எரிந்து, தொண்டை கமறி, அடுப்படியை விட்டு வெளியே ஓடிவருவோம் அல்லவா? அந்தப் புகையில் அக்ரோலின் என்ற பொருள் உண்டு. கருவியின் கம்பிச்சுருள் அதிகமாகச் சூடேறும்போது கிளிசரினிலிருந்து உருவாவதும் அதே அக்ரோலின்தான். மாம்பழ வாசனையும் இனிப்பும் அதன் காரத்தை மூடிவிடக்கூடும்.

வெண்ணெய்ச் சுவை தரும் டையசெற்றிலின் கதையை மகனிடம் சொல்லுங்கள். 2000 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரி ஆலையொன்றில் வேலைசெய்த 8 பேருக்கு, நுண்ணிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் இருப்பது தெரியவந்தது. பொரியை உண்டதால் அன்றி, வெண்ணெய் வாசனைக் கலவையின் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததால் வந்த வினை அது. தழும்பேறிய குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 2015 இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சோதித்த 51 வகை வாசனை மின்சிகரெட்டுகளில் 39 இல் அதே டையசெற்றில் காணப்பட்டது. வேப் பாவிப்பவர்களிடம் இந்நோய் பரவலாகக் கண்டறியப்படவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. ஆயினும் ஆரம்பத்தில் மார்பு எக்ஸ்றேயில் கூடத் தெரியாமல் வளரக்கூடிய நோயை வைத்துப் பிள்ளையின் மூச்சில் பரீட்சை பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

விற்றமின் ஈ அசெற்றேற்றும் அவ்வாறே. மாத்திரையாக விழுங்கினாலும் தோலில் பூசினாலும் பெரும்பாலும் தீங்கில்லாத அது, கஞ்சா எண்ணெய் வேப்களின் திரவத்தைத் தடிப்பாக்கக் கலக்கப்பட்டது. 2019 இல் அமெரிக்காவில் பரவிய கடும் நுரையீரல் பாதிப்பில், 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். நுரையீரலுக்குள் திரவம் செலுத்திக் கழுவி எடுத்த நீர் பரிசோதிக்கப்பட்ட 51 நோயாளிகளில் 48 பேரிடம் அந்தப் பொருள் இருந்தது. மகனின் குப்பியில் அது இல்லாமலிருக்கலாம். ஆனால் கைமாறி வந்த குப்பிக்குள் இருப்பது இன்னதுதான் என்று உறுதி சொல்ல எவருமில்லை.

இனி இருமலைப் பற்றி. வேப்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் நம் நாட்டில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம், ஆஸ்துமாவும் இருக்கலாம். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காட்டி, எக்ஸ்றேயுடன் மூச்சின் வேகத்தையும் கொள்ளளவையும் அளக்கும் பரிசோதனையையும் செய்விப்பது நல்லது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், தொடர்ந்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் 95 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலும், இரவென்றும் பாராமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

புகையிலை இல்லாத திரவத்திலும் நிக்கொட்டின் இருக்கலாம். ஆகவே நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சலும் அமைதியின்மையும் வரக்கூடும்; அதை அடங்காமை என்று எண்ணி ஏசாமல், அருகில் இருங்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். அந்தக் கருவியையும் குப்பியையும் கோபத்தில் எறிந்துவிடாமல், கையோடு கொண்டு செல்லுங்கள். என்ன உள்ளே போனது என்று அறிவதற்கு வைத்தியருக்கு அவை உதவும்.